பின்விளக்கை மாற்றிய வகையில்

1

முதலில் எழுதிய தொடக்கம் இது:

மிதுன மாதத்து மழை மாலையில் ஒரு வெள்ளைக் கார் தோப்பும்படிப் பக்கமிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்துகொண்டிருந்தது. அதன் பின்விளக்குகள்

அதோடு நின்றுவிட்டேன். ‘எரிந்தன’ என்று போடலாம். உள்ளே பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ‘எரியவில்லை’ என்றும் போடலாம். பின்னால் வந்தவளின் கண்ணுக்கு அப்படித்தான். ஒரு வினைச்சொல்லை எடுத்து வைக்க முடியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வினைச்சொல் விஷயத்தில் நான் இப்போது ரொம்ப ஜாக்கிரதை. ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டிய நாளில் இருக்கவில்லை.

இரண்டாவது தொடக்கத்தில் ஓர் எழுத்தாளர் வந்தார். ஆண், கண்ணாடி போட்டவர். கொச்சங்காடியில் நடந்து போகும்போது ஒரு ஸ்டிக்கர் கடையைப் பார்க்கிறார், உடனே அவருக்குக் கதை தோன்றுகிறது. (எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டேன்.)

ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் டைப் மேசையில் பிறந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு நோட்டரி வக்கீல் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக அபிடவிட் அடிக்கிறேன். ‘இன்ன தேதியில் இன்னது நடந்தது, மேலே சொன்னதெல்லாம் சத்தியம்’ என்று ஆட்கள் கையெழுத்துப் போடுகிற தாள். மலையாளத்தில் அடிக்க வேண்டும். சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேர் ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த தமிழ் ஆட்கள். அவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் மலையாளத்தில் அடிப்பேன், அடித்ததைத் தமிழில் படித்துக் காட்டுவேன், தலையாட்டுவார்கள், கையெழுத்து. முழுப்பெயர் ஸ்வர்ணலதா. வீட்டில் ஸ்வர்ணா, ஆபீசில் லதா சேச்சி, தமிழ் ஆட்களுக்கு லதாக்கா. மிச்ச நேரத்தில் தமிழில் கதை எழுதுகிறேன். பன்னிரண்டு பேர் படிக்கிறார்கள். அதில் இரண்டு பேர் எனக்குச் சொந்தம்.

அந்த மேசையில் ஒரு சொல் அடித்தேன். ஒரே ஒரு சொல். அதனால் அருண்பாண்டி என்கிற ஒருவன் பதினோரு நாள் சப் ஜெயிலில் கிடந்தான். இன்னும் கிடக்க நேரலாம். வருகிற திங்கட்கிழமைக்குள் நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அவன் தப்பிப்பான். கையெழுத்துப் போடாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையில் சட்டம் வந்தால் பக்கத்தைத் தள்ளுவீர்கள் என்று தெரியும். தள்ளாதீர்கள், நாலு வரிதான்.

கம்பெனி எப்படிச் செய்து கொடுத்ததோ அப்படியேதான் வண்டியை ஓட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. பின்விளக்கு சிவப்பாக, தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். அதன்மேல் பிலிம் ஒட்டியோ பெயின்ட் அடித்தோ வெளிச்சத்தைக் குறைக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் அந்த பிலிம் பிராட்வே கடைத்தெருவில் சுருள் சுருளாகத் தொங்குகிறது. கடைக்காரர் விற்கலாம், நீங்கள் வாங்கலாம், வீட்டில் வைத்து அழகு பார்க்கலாம். ஒட்டிக்கொண்டு ரோட்டில் ஏறினால் குற்றம். இப்படி ஒரு ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

என் அத்திம்பேர் சங்கர்ராம் ஒட்டிக்கொண்டு ரோட்டில் ஏறினார். அக்கா அம்முவின் புருஷன், ஐம்பத்தெட்டு வயது, மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம். அவருடைய வீட்டு மாடியில்தான் நான் இருக்கிறேன். பதினாறு வருடமாகிறது, போ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கார் வாங்கியதும் பின்விளக்கு இரண்டும் கறுப்பாக இருந்தால் வண்டிக்கு ஒரு எடுப்பு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கொச்சங்காடியில் ஒரு பழைய கோடவுனின் முன்னறையில் இருக்கிற ஸ்டிக்கர் கடைக்குப் போனார். அங்கே வேலை செய்கிறவன் அருண்பாண்டி. சங்கரன்கோவில் பக்கத்து ஆள், இருபத்தேழு வயது, கொச்சிக்கு வந்து மூன்று வருடம். கறுப்பு ஸ்மோக் பிலிமை வெட்டி, சூடு காட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டிக் கொடுத்தான்.

மூன்றாம் வாரம் வாகனப் பரிசோதனையில் பிடித்தார்கள். ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். அதில் இருந்த மலையாள வரியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்: ‘அனதிகிருத மாற்றம் மாற்றி, ஏழு திவசத்தினகம் வாகனம் ஹாஜராக்கணம்.’

‘அனதிகிருத’ என்றால் அனுமதி இல்லாத; ஏழு நாளுக்குள் வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ‘மாற்றம் மாற்றி’ என்பதை மட்டும் இன்னொரு தடவை படித்துவிட்டு வாருங்கள்.

மறுநாள் அத்திம்பேர் அதே கடைக்குப் போய் அருண்பாண்டியிடம் தமிழில் சொன்னார்: “செக்கிங்ல பிடிச்சுட்டா. இந்த பிலிம் மாத்தணும்.” அருண்பாண்டி கறுப்பு பிலிமை உரித்தான். அதைவிட லேசான சாம்பல் நிற பிலிமை ஒட்டினான். சாயங்காலம் அத்திம்பேர் வந்து பார்த்து, “நன்னாருக்கே” என்று சொல்லி வண்டியை எடுத்துப் போனார்.

நாலாம் நாள், ஆறரை மணி, நல்ல மழை. கருவேலிப்படி தாண்டி முன்னால் போன பஸ் நின்றது, அத்திம்பேரும் பிரேக் போட்டார். பின்னால் ஸ்கூட்டரில் வந்தவள் பெயர் வசந்தி. ஹோட்டல்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறவள், தேனிக்காரி. ஸ்கூட்டரில் இரண்டு வாளி மாவு. அவள் பிரேக் போடவே இல்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

3

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

தமிழில் ‘மாற்று’ என்றால் இருப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வை. மலையாளத்தில் அந்தப் பொருளும் உண்டு. ‘எடுத்துவிடு’ என்ற பொருளும் உண்டு. வழியில் கிடக்கிற நாற்காலியை மாற்று என்று மலையாளி சொன்னால் அவன் வேறு நாற்காலி கேட்கவில்லை, வழியை விடச் சொல்கிறான். நோட்டீஸ் சொன்னது இதைத்தான்: செய்த மாற்றத்தை எடுத்துவிட்டு வா.

எங்களைப் போல மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க்காரர்களின் வாயில் இரண்டும் கலந்து கிடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் ‘இலையை மாத்து’ என்று அம்மா சொன்னால் எடுத்துக் கொண்டுபோய் எறிவோம். இன்னொரு இலை போட்டால் அடி விழும்.

நான் மலையாளம் மீடியத்தில் படித்தவள். தமிழ் எழுத்தை இருபது வயதுக்கு மேல் சொந்தமாகக் கற்றுக்கொண்டேன். என் தமிழில் கொச்சி வாடை அடிக்கிறது என்று சென்னைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் எப்போதும் சொல்வார். நான் அனுப்பிய ஒரு கதையில் ‘தலையில் கட்டியிருந்த ஈரத் துண்டை மாற்றினாள்’ என்று ஒரு வரி. சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘மாற்றி எதைக் கட்டினாள்? இது மலையாள வழக்கு. தமிழ் வாசகர் இன்னொரு துண்டைத் தேடுவார். உங்கள் எழுத்தில் இது அடிக்கடி வருகிறது, கவனியுங்கள்.’

எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, மானம் போன மாதிரியும் இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு பாடம். அந்தக் கடிதம் வந்தது போன மாதம், எல்லாம் நடந்து முடிந்த பிறகு. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் நான்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. இங்கேயே கிடக்கட்டும்.)

4

விபத்துக்கு அப்புறம் வாகன இன்ஸ்பெக்டர் அத்திம்பேர், அருண்பாண்டி இரண்டு பேரையும் எழுதித் தரச் சொன்னார். நோட்டீஸ் கொடுத்த பிறகும் விளக்கில் பிலிம் எப்படி வந்தது? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அத்திம்பேர் என் மேசைக்கு வந்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். “நான் மாத்தணும்னுதான் சொன்னேன், ஸ்வர்ணா. சத்தியமா அந்த வார்த்தைதான் சொன்னேன்” என்றார். அடித்தேன். பிலிம் மாற்றச் சொன்னேன், மாற்றியதாக நம்பி வண்டியை எடுத்தேன். கையெழுத்து.

பதினொன்றரைக்கு அம்மு போன் செய்தாள். வேறு என்னவோ பேசினாள். கப்பைக் கிழங்கு வேகவைத்திருக்கிறேன், மத்தியானம் கீழே வா என்றாள். வைக்கப் போகும்போது, “அவர் வேணும்னு ஒண்ணும் பண்ணலையாக்கும். நீ பாத்துக்கோடீ” என்றாள். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அருண்பாண்டி வந்தான். யார் அனுப்பினார்கள் என்று நினைக்கிறீர்கள்? யாரும் இல்லை. தமிழ் ஆட்கள் எல்லாம் லதாக்காவிடம்தானே போவார்கள். சட்டையில் பசை ஒட்டியிருந்தது. நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

“அவரு பிலிம மாத்தணும்னு சொன்னாருக்கா. நான் மாத்திட்டேன். அம்புட்டுதான்.”

அடித்தேன். தாளில் இன்றைக்கும் இப்படித்தான் இருக்கிறது, மலையாளத்தைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்: ‘பிலிம் மாற்றணம் என்னு அத்தேகம் பறஞ்ஞு. ஞான் மாற்றி.’

தமிழில் படித்தால் உங்களுக்கு ஒரு தப்பும் தெரியாது. அவன் சொன்னதேதான். மலையாளத்தில் படிக்கிற இன்ஸ்பெக்டருக்கு இது என்ன? ‘பிலிமை எடுக்கச் சொன்னார். நான் எடுத்துவிட்டேன்.’ விளக்கிலோ பிலிம் இருக்கிறது. ஆக, அருண்பாண்டி எடுக்கவே இல்லை. எடுத்தேன் என்று சத்தியம் செய்து பொய் சொல்கிறான்.

படித்துக் காட்டினேன். அது என் வழக்கம், ஒரு நாளும் தவறியதில்லை. “அவர் மாத்தணும்னு சொன்னார், நான் மாத்தினேன்னு இருக்கு. சரியா?” என்று கேட்டேன்.

“சரிதான்க்கா” என்றான்.

தமிழில் கையெழுத்துப் போட்டான். ‘ண்’ என்ற எழுத்துக்கு ஒரு சுழி கூடுதலாகப் போட்டுவிட்டு அதை அடித்துத் திருத்தினான். நல்ல அட்சரமாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு.

இரண்டு அபிடவிட், ஒரே மேசை, ஒரே சொல். இரண்டு பேரும் சத்தியமாக உண்மையைத்தான் சொன்னார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய்க் கப்பை சாப்பிட்டார். இன்னொருவனை அடுத்த புதன்கிழமை பிடித்துக்கொண்டு போனார்கள். அவன்மேல் கேஸ்: ஏமாற்றியது, பொய் சத்தியம் செய்தது, அதனால் ஒரு பெண்ணுக்குக் கால் போனது.*

* ‘ஏமாற்றுதல்’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு ‘மாற்று’ உட்கார்ந்திருக்கிறது. கதைக்காக நான் வைத்ததில்லை. தமிழ் தானாகவே வைத்திருக்கிறது.

5

இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். (‘மாற்றிவிட்டேன்’ என்றுதான் கை எழுத வந்தது. கோடு போட்டு அடித்தேன்.)

இதில் அத்திம்பேரை வில்லனாக்கி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். மோதிரம், தொந்தி, வெற்றிலை எல்லாம் போட்டு. அவருக்குத் தொந்தி கிடையாது. அன்று மழையில் இறங்கி வசந்தியைத் தன் கையால் தூக்கி, அந்தக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். வெள்ளை சீட் முழுக்க மாவும் ரத்தமும். வீட்டுக்கு வந்து அழுதார், நான் பார்த்தேன். அழுத மனிதர்தான் ‘சாம்பல் பிலிமைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்’ என்ற ஒரு வரியை இன்றுவரை எந்தத் தாளிலும் சொல்லவில்லை. வில்லனாக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

6

அருண்பாண்டியும் கதையில் சரியாக வரவில்லை. முதல் எழுத்தில் அப்பாவி. பச்சைப்பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றான், எனக்கே பிடிக்கவில்லை. இரண்டாவது எழுத்தில் கள்ளனாக்கினேன். எடுக்கச் சொன்னது அவனுக்குப் புரிந்தது, கூட ஒரு பிலிம் விற்பதற்காகப் புரியாத மாதிரி ஒட்டினான் என்று எழுதினேன். வாசகர்களே, அப்படி எழுதிய அன்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அந்தச் சந்தேகம் வெறும் கதைச் சந்தேகம் இல்லை. மூன்று வருடம் கொச்சியில் இருக்கிறவனுக்கு ‘மாற்று’ என்றால் எடு என்று தெரியாமல் இருக்குமா? ஒரு நாளைக்குப் பத்து மலையாளி அவன் கடைக்கு வருகிறான். ஜாமீனில் வந்தபிறகு ஒரு நாள் கோர்ட் வாசலில் அவனைப் பார்த்தேன். சாயா வாங்கிக் கொடுத்து நேராகவே கேட்டேன். மலையாளத்தில் அதற்கு எடுத்துவிடு என்றும் அர்த்தம் உண்டே, உனக்குத் தெரியாதா?

“தெரியும்க்கா. சேட்டன்மார் சொன்னா எடுத்துருவேன். அவரு தமிழ்லல்லா சொன்னாரு.”

கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“தமிழ்ல சொன்னா தமிழ் அர்த்தம்தான எடுப்பேன்? நம்ம ஆளுன்னு நெனச்சேன்” என்றான்.

பிறகு, அபிடவிட்டில் என்ன தப்பு, என் கேசை எடுத்த வக்கீலம்மா ஏதோ வார்த்தை என்கிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை, நீங்கள் படித்துக் காட்டியபோது சரியாகத்தானே இருந்தது என்று கேட்டான். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வீட்டுக்கு பஸ்ஸே வேண்டாம். கோர்ட்டிலிருந்து நடந்தால் எட்டு நிமிஷம்.

7

வசந்தியைப் பார்க்கப் போனேன். எழுத்தாளர்கள் இப்படித்தான் சொல்வார்கள், கதைக்காகப் போனேன் என்று. கதைக்காகப் போகவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து மாவுக் கணக்கு பேசிக்கொண்டிருந்தாள் போனில். எந்த ஹோட்டலுக்கு எத்தனை வாளி என்று தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தாள். போனை வைத்துவிட்டு நீங்க யாருக்கா என்றாள். நோட்டரி ஆபீசில் வேலை என்றேன். அத்திம்பேரின் பெயரைச் சொல்லவில்லை.

“முன்னாடி கார் போகுதுன்னே தெரியலக்கா. மழை, இருட்டு, ஏதோ சாம்பலா. மேல போய் விழுந்த பிறகுதான் அது காருன்னு தெரிஞ்சது” என்றாள்.

காரின் சொந்தக்காரரைப் பற்றி நல்லதாகவே சொன்னாள். தூக்கிக்கொண்டு ஓடினார், தங்கமான மனுஷர். அவரும் பாவம், நம்பி ஏமாந்தவர்தானே. அந்த ஸ்டிக்கர்காரனைப் பற்றி அவளுக்கு யாரோ பேப்பரைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். எடுக்காமலே எடுத்தேன் என்று சத்தியம் செய்தானாமே, அதுவும் நம்ம தமிழ் ஆளு. அவன் நாசமாய்ப் போகட்டும் என்று சபித்தாள். கட்டிலோரத்தில் போர்வை திடீரென்று தட்டையாகிற இடத்தில் அவளுடைய கை இருந்தது.

சபிக்க வேண்டிய ஆள் ஒரு முழம் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்துக் கொடுத்தேன். நல்லா இருப்பீங்கக்கா என்றாள்.

8

இலவச சட்ட உதவியில் அருண்பாண்டிக்குக் கிடைத்த வக்கீல் ஸுப்ரியா. சின்ன வயது, மலையாளி, கெட்டிக்காரி. இரண்டு அபிடவிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்களே என்று முதலில் சந்தேகப்பட்டவள் அவள்தான். என் மேசைக்கு வந்தாள். மொழிபெயர்த்தது நான் என்றும், அவன் சொன்னது ‘வேறொன்று ஒட்டினேன்’ என்ற தமிழ் அர்த்தத்தில் என்றும் நான் ஓர் அபிடவிட் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கேஸ். கொடுத்தால் அவன்மேல் இருக்கிற பொய் சத்தியம் போய்விடும், ஏமாற்று போய்விடும். கொடுக்காவிட்டால் அவன் கையெழுத்தே அவனுக்கு எதிர்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

“சேச்சி, ஈ வாக்கினு தமிழில் வேறே அர்த்தமாணெந்நு அன்னு சேச்சிக்கு அறியாமாயிருந்நோ?”

இந்தச் சொல்லுக்குத் தமிழில் வேறு அர்த்தம் என்று அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்கிறாள். (‘அறியாம்’ என்றால் மலையாளத்தில் ‘தெரியும்’. தமிழில் ‘அறியாம’ என்றால் ‘தெரியாமல்’. இரண்டு மொழியையும் பக்கத்தில் வைத்துப் படைத்தவனுக்கு என்மேல் என்ன பகையோ.)

தெரியாது என்று நான் எழுதிக் கொடுத்தால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் முடித்துவிடும் என்றாள். இருபத்திரண்டு வருடம் இரண்டு மொழியிலும் டைப் அடிக்கிறவள், தமிழில் கதை வேறு எழுதுகிறவள், இது தெரியாதா? யாரும் நம்ப மாட்டார்கள். அபிடவிட்டும் நிற்காது, அவனும் போவான். தெரியும் என்று எழுதினால் நிற்கும். தெரிந்தே அடித்தேன் என்று எழுதினால் எனக்கு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். வேலை போகும், என்மேல் கேஸ் வரும், மாடி போகும். அம்மு என்னிடம் பேசுவாளா என்பதை விடுங்கள்.

இப்போது நீங்கள் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் ஒரு தேதியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆசிரியரின் கடிதம் போன மாதம் வரவில்லை. விபத்துக்கு ஒன்பது நாள் முன்னாலேயே வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை அது என் கைப்பையில், சோற்று டப்பாவுக்கு அடியில் இருந்தது. கதையில் தேதியைத் தள்ளி வைத்தேன், உங்கள்முன் கொஞ்சம் நல்லவளாக உட்கார்ந்திருக்கலாம் என்று. எட்டாம் பகுதிவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வேண்டுமென்றே அடித்தேனா? ‘ஞான்’ என்று அடித்த பிறகு விரல் நின்றது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றியிருக்கும். சிவப்பு வட்டம் ஞாபகம் வந்தது. ‘மாற்றி எதைக் கட்டினாள்?’ என்ற கேள்வி ஞாபகம் வந்தது. ‘மாற்றி வேறே ஒட்டிச்சு’, அதாவது எடுத்துவிட்டு வேறொன்று ஒட்டினேன், என்று அடித்திருக்கலாம். கூட இரண்டே சொல். அருண்பாண்டி எதிரே உட்கார்ந்து நகத்தில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தான். அம்மு போன் செய்து அரை மணிதான் ஆகியிருந்தது. அவன் சொன்ன சொல்லை அப்படியே அடிக்கிறேன், இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேன் என்பதிலிருந்தே உங்களுக்குப் புரியும்.

9

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அத்திம்பேர் தானாகவே போய் உண்மையைச் சொல்கிறார். (எழுதிய மை காய்வதற்குள் கீழே அவருடைய குரல் கேட்டது. கார் சர்வீசுக்குப் போய் வந்துவிட்டதாம், விளக்கு புதுசாகப் போட்டுவிட்டார்களாம், எத்தனை பிரகாசம் பார் என்று அம்முவிடம் காட்டிக்கொண்டிருந்தார். நானும் மாடியிலிருந்து பார்த்தேன். நல்ல சிவப்பு. தெருக்கோடிவரை தெரிகிறது.)

இரண்டு: வசந்திக்கு எல்லாம் தெரியவந்து அவள் அருண்பாண்டியை மன்னிக்கிறாள். இதை எழுத எனக்கு என்ன உரிமை? கால் அவளுடையது. அவனும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒன்றும் செய்யவில்லை.

மூன்று: நான் கோர்ட்டுக்குப் போய்

நான்கு: கதைதானே, யாரும் படிக்க மாட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் இதிலேயே ஒப்புக்கொண்டு இறக்கி வைத்துவிட்டேன். கதையில் சத்தியம் செய்ய வேண்டாம், சாட்சி வேண்டாம், முத்திரை வேண்டாம். எழுத வந்தது இந்த முடிவுக்காகத்தான். இப்போது பார்த்தால் இதில் அருண்பாண்டிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பன்னிரண்டு பேர் என்னை உண்மையான எழுத்தாளர் என்பார்கள், அவன் ஜெயிலில் இருப்பான்.

10

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் சாவி என்னிடம்தான் இருக்கும்; திறந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கிற கோடவுனிலும் யாரும் இல்லை. முத்திரைத்தாளை வைத்துத் திங்கட்கிழமைக்கான அபிடவிட்டை அடிக்கத் தொடங்கினேன். என் பெயர், வயது, விலாசம் எல்லாம் அடித்தாயிற்று. கடைசி வரி மட்டும் பாக்கி. மலையாளத்தில் அடிப்பதற்கு முன்னால் முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன், உங்களுக்குப் படித்துக் காட்டுவதற்காக. படித்துக் காட்டாமல் நான் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை இதுவரை படித்ததால் அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் இப்போது உங்களுக்கும் தெரியும். இனி தெரியாது என்று நீங்களும் சொல்ல முடியாது.

கீழே கையெழுத்திடும் ஸ்வர்ணலதா சத்தியமாகச் சொல்வது: மேற்படி அருண்பாண்டியின் வாக்குமூலத்தை அடித்த அன்று, ‘மாற்று’ என்ற சொல்லுக்கு இரு மொழியிலும் உள்ள பொருள் எனக்குத் தெரியும் / தெரியாது.

(பொருந்தாததை மாற்றவும்.)